வெறுங்கை முழம் போடும்

(பெரியபாளையத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடல் எடையைக் கொண்டே உடம்பை வலுவாக்கும் பயிற்சி வகுப்பு பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். டம்பெல் இல்லை, மெஷின் இல்லை, மாதச் சந்தா கட்டும் ஏ.சி. ஜிம் இல்லை. தரை, சுவர், ஒரு இரும்புக் கம்பி, சொல்லிக்கொடுக்க ஒரு மாஸ்டர், அவ்வளவுதான். ‘வெறுங்கை முழம் போடுமா’ என்று நம் ஊரில் கேட்பார்கள். இந்த வித்தையில் போடும்.

இப்படி ஒரு வகுப்பில் சேரலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “சார், எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறேன். ஓ.டி. பார்த்தா பன்னிரண்டு மணி நேரம். இதுக்கு மேல எதுக்கு சார் எக்சர்சைஸ்?”

நியாயமான கேள்வி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டும் ஆலைக்குப் போகிறவரும், தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்கு ஷிப்டு போகிறவரும், ஊத்துக்கோட்டைப் பக்கம் செங்கல் சூளையில் கல் சுமக்கிறவரும் கேட்டால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இன்றைய என் பேச்சு இந்தக் கேள்விக்கான பதிலிலிருந்தே தொடங்குகிறது.

என் பதில் இது: உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பு என்பது உடம்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பது. பயிற்சி என்பது உடம்பில் போட்டுவைப்பது. எடுத்துக்கொண்டே இருந்தால் எந்தக் கணக்கும் ஒருநாள் காலியாகும்.

லோடுமேனைக் கவனியுங்கள். மூட்டை எப்போதும் ஒரே தோளில்தான் ஏறும். பழகிய தோள் அது. இருபது வருடத்தில் அந்தப் பக்கம் இறங்கி, இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பிரஸ் ஷாப்பில் நிற்பவர் நாளெல்லாம் ஒரே கையால் ஒரே அசைவைச் செய்கிறார். அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்ணுக்குக் கழுத்து குனிந்தபடியே இருக்கிறது, கால் வீங்குகிறது, ஆனால் கால் தசைக்கு அசைவே இல்லை. வேலையில் சுமையின் அளவை நிர்ணயிப்பது நம் உடம்பு அல்ல, உற்பத்திக் கணக்கு. வலித்தால் நிறுத்த முடியாது. இன்று போதும் என்று சொல்ல முடியாது.

பயிற்சியில் இவை எல்லாம் தலைகீழ். வலப்பக்கம் செய்தால் இடப்பக்கமும் செய்கிறோம். இன்று இவ்வளவு, அடுத்த வாரம் கொஞ்சம் கூட. ஒருநாள் செய்தால் மறுநாள் ஓய்வு. தசை வளர்வது அந்த ஓய்வில்தான்.

இது நான் வாய்க்கு வந்தபடி சொல்வதல்ல. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்து நான்காயிரம் பேரைச் சுமார் 10 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2021-இல் வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைவாக வந்தன. வேலையில் உடம்பு நோக உழைத்தவர்களுக்கு அவை கூடுதலாக வந்தன. சிந்திய வியர்வை ஒன்றுதான். பலன் மட்டும் எதிரெதிர். ஆகவே, தம்பி, “நான்தான் உழைக்கிறேனே” என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. உழைக்கிறவனுக்குத்தான் பயிற்சி இன்னும் அவசியம்.

அடுத்து, உடல் எடைப் பயிற்சி செல்போன் வீடியோ வழியாக வந்து இறங்கிய புதுச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். நம் தாத்தாமார் தேகப்பயிற்சி சாலை என்றார்கள். தண்டால், பஸ்கி, கர்லா கட்டை, சிலம்பம், இவைதான் அங்கே பாடத்திட்டம். தண்டாலும், உட்கார்ந்து எழும் பஸ்கியும் முழுக்க முழுக்க உடல் எடைப் பயிற்சி. சிலேட்டு, பலப்பம்கூட வேண்டாத படிப்பு. 1910-இல் லண்டனுக்குப் போய், போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவோடு மோதிய காமா பயில்வான், நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தவர் என்று சொல்வார்கள். பின்னாளில் எம்.ஜி.ஆர். படங்களைத் தயாரித்த சாண்டோ சின்னப்பா தேவர், சினிமாவுக்கு வருமுன் கோவையில் தேகப்பயிற்சி சாலையில் உடம்பை வளர்த்தவர். நமக்குப் பக்கத்திலேயே வடசென்னையில் குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்தன. ‘சார்பட்டா பரம்பரை’ படம் 2021-இல் வந்தபிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பெர்லினுக்கு வெளியே ஒரு திடலில் 1811-இல் ஃபிரெட்ரிக் யான் என்ற ஆசிரியர் கம்பி நட்டு இளைஞர்களைத் தொங்கவிட்டார். இன்று ஒலிம்பிக்கில் பார்க்கிற கம்பி விளையாட்டுகள் அங்கிருந்து வளர்ந்தவை. சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். நம் பள்ளிக்கூடங்களில் விசில் ஊதிய பி.டி. மாஸ்டர்கள் பலர் அங்கே படித்தவர்கள்.

பழம்பெருமை பேசிக் கைதட்டு வாங்குவது சுலபம். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தேகப்பயிற்சி சாலைகளின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பெண்களுக்கு இடமில்லை. வயதானவர்களுக்கு இடமில்லை. வாத்தியாரின் பரம்பரை, தெரு, சாதி எல்லாம் பார்த்துத்தான் பல இடங்களில் உள்ளே விட்டார்கள். ஏற்கெனவே பலசாலியாக இருப்பவனை மேலும் பலசாலியாக்குவதே நோக்கம். இன்று நடக்கும் நல்ல வகுப்பு ஒன்று அந்தச் சாலையைவிட ஒரு படி மேலே இருக்கிறதென்றால் காரணம் இதுதான்: பலமே இல்லாதவருக்கும் அங்கே முதல் படி ஒன்று இருக்கிறது.

அந்த முதல் படி என்ன என்று பார்ப்போம். வகுப்பில் சேருகிறவருக்கு முதல் நாள் நான் தண்டால் கொடுப்பதில்லை. சுவருக்கு எதிரே நிற்க வைக்கிறேன். ஒரு கை தூரம். உள்ளங்கை இரண்டும் மார்பு உயரத்தில் சுவரில் பதியட்டும். குதிகாலிலிருந்து பின்னந்தலை வரை உடம்பு ஒரே கோடு. முழங்கையை மடக்கி மூக்கு சுவரைத் தொடும்வரை போய், தள்ளிக்கொண்டு திரும்பி வர வேண்டும். “இவ்வளவுதானா சார்?” என்று சிரிப்பார்கள். பத்தாவது தடவைக்குப் பக்கத்தில் பாருங்கள், சிரிப்பு நின்றிருக்கும். இடுப்பு தானாக முன்னால் தள்ளும், தோள்கள் காதுக்கு ஏறும், முழங்கைகள் இறக்கை மாதிரி விரியும். மாஸ்டரின் வேலை அங்கே ஆரம்பிக்கிறது. வயிற்றை எக்கு, பிட்டத்தை இறுக்கு, முழங்கையை விலாவுக்குப் பக்கம் கொண்டுவா. சொல்லி, தொட்டுக் காட்டி, திரும்பச் செய்ய வைக்க வேண்டும். வீடியோ பார்த்துச் செய்கிறவருக்குக் கிடைக்காதது இதுதான். வீடியோவில் உள்ளவர் தான் செய்வதைக் காட்டுவார். நீங்கள் செய்வதைப் பார்க்க மாட்டார்.

சுவரில் தேறியவர் திண்ணைக்கு வருவார். திண்ணையிலிருந்து படிக்கட்டு, படிக்கட்டிலிருந்து தரை. இதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. தரையில் எடுக்கும் முழுத் தண்டாலில் உங்கள் உடல் எடையில் சுமார் 64 சதவீதத்தைக் கைகள் தாங்குகின்றன என்று அளந்திருக்கிறார்கள். முழங்காலை ஊன்றிக்கொண்டால் சுமார் 49 சதவீதம். கைகளை 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்துக்கொண்டால் சுமார் 41 சதவீதம். அறுபது கிலோ ஆள் ஒருவர் திண்ணையில் கை வைத்துத் தள்ளும்போது ஏறத்தாழ ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைத் தள்ளுகிறார். தரையில் தள்ளும்போது 38 கிலோவுக்கு மேல். ஜிம்மில் இரும்புத் தட்டை மாற்றுகிறார்கள். இங்கே உடம்பின் சாய்வை மாற்றுகிறோம். எடை ஏறுகிறது, இறங்குகிறது, காசு மட்டும் செலவாவதில்லை.

காலுக்கும் இதே முறைதான். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடாதவர் இந்தக் கூட்டத்தில் இருக்க முடியாது. ஆனால் பலரும் அதை அரைகுறையாக, குலுக்கிவிட்டு எழுந்துவிடுகிறோம். வகுப்பில் ஒரு ஸ்டூலைப் பின்னால் போட்டு, அதில் மெல்ல உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழச் சொல்கிறோம். எடை குதிகாலில் இருக்க வேண்டும். முழங்கால் உள்பக்கம் சரியாமல் கால்விரல் நோக்கும் திசையிலேயே போக வேண்டும். அது பழகியதும் ஸ்டூலை எடுத்துவிடுகிறோம். பிறகு முழு உட்காரல். பிறகு ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. உடம்பில் பெரிய தசைகள் இருப்பது தொடையிலும் பிட்டத்திலும்தான். அவற்றை விட்டுவிட்டுக் கையை மட்டும் வளர்க்கிறவரைப் பார்த்தால், மேல்மாடி கட்டிவிட்டு அஸ்திவாரத்துக்கு ஆள் தேடுகிற ஆசாமி என்று எனக்குத் தோன்றும்.

மூன்றாவது, கம்பி. ராணுவத்துக்குத் தயாராகும் பிள்ளைகள் ‘பீம்’ என்பார்கள். இதில்தான் பெரும்பாலோர் மனம் உடைந்துபோகிறார்கள். எகிறிப் பிடிப்பார்கள், காலை உதறுவார்கள், தாடை கம்பியைத் தொடாது, “எனக்கு வராது சார்” என்று இறங்கிவிடுவார்கள். வரும். முதலில் வெறுமனே தொங்கப் பழக வேண்டும். அடுத்து, தொங்கியபடி தோள்பட்டையை மட்டும் கீழே இழுக்க வேண்டும். அடுத்து, ஸ்டூல் மேல் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் வைத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று மெதுவாக எண்ணியபடி இறங்க வேண்டும். ஏற முடியாதவனும் இறங்க முடியும். இறங்கப் பழகிய தசை ஒருநாள் ஏறும். உள்ளங்கை காய்த்துப்போகும்; அதற்கெல்லாம் பயந்தால் ஆகாது.

இங்கே காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பிறகு கயிறு ஏறுதல். 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு ஸ்டார். ராணுவத்தின் அக்னிவீர் பொதுப் பணித் தேர்வில் பீம் 10 எடுத்தால் 40 மதிப்பெண், 6 எடுத்தால் 16. இவற்றில் கயிறும் பீமும் முழுக்க உடல் எடையைத் தூக்கும் பரீட்சைகள். ஓட்டத்தை ஒரு மாதத்தில் ஓரளவு தேற்றிவிடலாம். கையின் பலம் அப்படி வராது. மாதக்கணக்கில் ஏற்ற வேண்டும். ஆனால் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? நோட்டிபிகேஷன் வரும்வரை கேரம் போர்டு. வந்த மறுநாள் காலை மைதானத்தில் நூறு தண்டால். மூன்றாம் நாள் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டில். எழுத்துத் தேர்வுக்கு ஒரு வருடம் கோச்சிங் போகிறவன், உடம்புக்கும் ஒரு வருடம் கொடுத்தால் என்ன?

இது இளவட்டங்களின் சமாச்சாரம் என்று நினைத்து மற்றவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். உண்மையில் இந்த வகுப்பு அதிகம் தேவைப்படுவது நாற்பதைத் தாண்டியவர்களுக்குத்தான். முப்பது வயதுக்குப் பிறகு, பயன்படுத்தாவிட்டால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது. பனியன் சைஸ்கூட மாறாது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துவிடும். நாம் சாப்பிடும் சோற்றிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். வாங்கிக்கொள்ளும் இடம் சுருங்கினால் சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் நடந்த பெரிய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் 11.4 சதவீதம் பெரியவர்களுக்கு நீரிழிவு, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். இந்தக் கூட்டத்தில் ஏழு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“நான் தினமும் வாக்கிங் போகிறேன்” என்பார்கள். போங்கள். அரசும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை அமைத்திருக்கிறது, நல்ல காரியம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதை நாம் பாதிதான் கேட்டிருக்கிறோம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது முதல் பாதி. வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுவூட்டும் பயிற்சி என்பது இரண்டாம் பாதி. நடை இதயத்துக்கு நல்லது. தோளுக்கும் முதுகுக்கும் அது பெரிதாக வலுவேற்றுவதில்லை.

எங்கள் வகுப்புக்கு ஓர் அம்மா வந்தார். நம் பவானி அம்மன் கோயில் பக்கம் உட்கார்ந்து பூ கட்டுகிறவர். ஆடி மாதம் வந்தால் விடியற்காலை உட்கார்ந்தால் இருட்டித்தான் எழுவார். எழுவது என்றால் எப்படி? ஒரு கை தரையில், ஒரு கை முழங்காலில், “அம்மா தாயே” என்று ஒரு முனகல். சுவரும் ஸ்டூலும்தான் அவருக்குக் கொடுத்த பயிற்சி. சில மாதம் கழித்து, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கை ஊன்றாமல் எழுந்தார். பேச்சு மட்டும் மாறவில்லை: “இதுக்கா சார் காலையில எழுப்பி விட்டீங்க?” இதற்குத்தான் அம்மா. பிரேசில் நாட்டு மருத்துவர் கிளாடியோ கில் அராவ்ஜோவும் அவரது குழுவினரும் 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். கையோ முழங்காலோ ஊன்றினால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மதிப்பெண் கழித்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில், மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களிடையே மரணம் பல மடங்கு கூடுதலாக இருந்தது. உட்கார்ந்து எழுந்தால் சாவு வராது என்பதல்ல இதன் பொருள். உட்கார்ந்து எழ முடிகிற உடம்பு, பல விதத்தில் நல்ல நிலையில் இருக்கிற உடம்பு. பந்தியில் சப்பணமிட்டு உட்கார்ந்து எழுந்த சமூகம் நாம். டைனிங் டேபிளும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்து, அந்தப் பரீட்சையையே வீட்டிலிருந்து எடுத்துவிட்டோம்.

இனி எச்சரிக்கைகள். வகுப்பில் சேருமுன் மாஸ்டரிடம் நாலு விஷயம் பாருங்கள். உங்கள் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய அடி, ஆபரேஷன் பற்றிக் கேட்கிறாரா? கேட்காதவரிடம் சேராதீர்கள். முடியாததை எளிதாக்கிக் கொடுக்கிறாரா, “முடியலன்னா விடு” என்கிறாரா? முதல் நாளே இருநூறு பஸ்கி போடச் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். பழகாத தசையை ஒரே நாளில் அளவுக்கு மீறி வாட்டினால் தசை இழைகள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் வீட்டில் வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நாலாவது, வகுப்போடு சேர்த்து டப்பா பவுடர் விற்கிறாரா? முட்டை, பயறு, கொண்டைக்கடலை, மீன், தயிர், இவை போதும் பெரும்பாலோருக்கு. பழவேற்காட்டு மீன் வரும் வட்டாரத்தில் இருந்துகொண்டு பவுடருக்கு அலைவானேன்?

செய்யும்போது மூச்சை அடக்காதீர்கள். தள்ளும்போது விடுங்கள், இறங்கும்போது இழுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு இது உயிர் விஷயம். நெஞ்சு இறுகினாலும், மயக்கம் வந்தாலும் அந்த நொடியே நிறுத்துங்கள். இரண்டாம் நாள் தசை வலிப்பது இயல்பு. மூட்டில் சுருக்கென்று குத்துவது இயல்பல்ல. நைட் ஷிப்டு முடித்தவர் நேராக மைதானத்துக்கு வராமல் முதலில் தூங்குங்கள். தூக்கம் கெட்ட உடம்பில் எந்தப் பயிற்சியும் ஒட்டாது.

ஆக, வலு என்பது பிறவியில் சிலருக்கு வாய்ப்பதோ ஜிம் சந்தா கட்டுகிறவருக்கு மட்டும் கிடைப்பதோ அல்ல. எழுத்துக் கற்பது மாதிரி அது கற்றுக்கொள்ளும் விஷயம். வரிசை உண்டு, வாத்தியார் வேண்டும், தினசரி வருகை வேண்டாம், வாரம் தவறாத வருகை வேண்டும்.

முடிக்குமுன் மூன்று கோரிக்கைகள். ஊராட்சி நிர்வாகத்துக்கு: விளையாட்டுத் திடல் இருக்கிற ஒவ்வொரு ஊரிலும் உயரத்துக்கு ஒன்றாக மூன்று இரும்புக் கம்பி நட்டுக்கொடுங்கள். நெஞ்சு உயரத்தில் ஒன்று பெண்களுக்கும் பெரியவர்களுக்கும். பூட்டுப் போட்ட கூடம் வேண்டாம். திறந்த கம்பி போதும். கம்பெனி நிர்வாகங்களுக்கு: பாதுகாப்பு வாரம் என்று பேனர் கட்டுகிறீர்கள், ஷிப்டு தொடங்குமுன் பத்து நிமிடம், இடுப்புக்கும் தோளுக்கும் பயிற்சி கொடுங்கள். பள்ளிகளுக்கு: பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள்; அந்தக் கடன் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை.

உங்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம் ஒதுக்குங்கள். சுவர் உங்கள் வீட்டில் இருக்கிறது. நாளை காலையே தொடங்குங்கள். வகுப்பு நடக்கிற இடம் தெரிந்தால் அண்டை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.